தன்னார்வக் குதிரைப்படைக்கு அரசு ஆதரவு: 1861இல் கடிதம் கிடைத்தது, குதிரைதான் கிடைக்கவில்லை

கேள்வி இது: அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல், வடக்குப் பக்கத்தில் ஒருவர் தன் செல்வாக்கை நம்பி ஒரு தன்னார்வக் குதிரைப்படையைத் திரட்ட நினைத்தால், அரசின் ஆதரவை யாரிடம், எப்படிக் கேட்டார்? ஏன் சில படைகள் களத்துக்குப் போயின, சில படைகள் முகாமிலேயே கலைந்தன?

முதல் சில வாரங்களுக்குப் பிறகு அனுமதிக் கடிதம் வாங்குவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. குதிரைக்கு யார் பணம் கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலும் எல்லாம் சிக்கியது. "அரசு ஆதரவு" என்று இன்று பொதுவாகச் சொல்கிறோம். அன்று அது ஐந்து வேறு வேறு இடங்களில் ஐந்து வேறு வேறு காரியம். படை திரட்டும் அதிகாரத்தைப் போர்த்துறைச் செயலர் கொடுப்பார். திரட்டிய ஆட்களை அரசுப் பணியில் ஏற்றுக்கொள்வது நிரந்தர ராணுவத்தைச் சேர்ந்த ஓர் அதிகாரி. கேப்டனுக்கும் கர்னலுக்கும் நியமனப் பத்திரம் தருபவர் மாநில ஆளுநர். குதிரையும் தீனியும் ராணுவத்தின் பொருள் வழங்கல் பிரிவான குவார்ட்டர்மாஸ்டர் துறையிலிருந்து வரவேண்டும். துப்பாக்கியும் வாளும் சேணமும் ஆயுதப் பிரிவான ஆர்டினன்ஸ் துறையிலிருந்து. முதல் கதவு திறந்ததும் மற்ற நான்கும் தானே திறந்துவிடும் என்று நம்பியவர்கள்தான் அதிகம் நொந்தார்கள்.

முதலில் கதவே மூடியிருந்தது. 1861 ஏப்ரல் 15 அன்று லிங்கன் மூன்று மாதப் பணிக்கு 75,000 பேரைக் கேட்டபோது, குதிரைப்படை தர முன்வந்தவர்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். மே 3ஆம் தேதி வந்த இரண்டாவது அழைப்பில் 40 தன்னார்வ ரெஜிமென்ட்டுகளை (பல கம்பெனிகள் சேர்ந்த படைப்பிரிவுகளை) கேட்டார்கள். அதில் 39 காலாட்படை. குதிரைப்படை ஒன்றே ஒன்று. தலைமைத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டின் கணக்கு இதுதான்: போர் சீக்கிரம் முடிந்துவிடும், குதிரைப்படை வீரனைத் தயார் செய்ய நாள் பிடிக்கும், செலவு காலாட்படையைவிடப் பல மடங்கு, ஏற்கெனவே நிரந்தர ராணுவத்தில் ஐந்து குதிரை ரெஜிமென்ட்டுகள் இருக்கின்றன. போர் சீக்கிரம் முடியும் என்பதில்தான் அவர் தவறினார். செலவைப் பற்றியும் பயிற்சிக் காலத்தைப் பற்றியும் அவர் சொன்னது அத்தனையும் பலித்தது. அவரைக் குதிரைப்படையின் எதிரி என்று எளிதாக ஒதுக்கிவிடுவது நியாயமில்லை.

இந்த மூடிய கதவைத் திறந்தவர்களில் முதன்மையானவர் கார்ல் ஷுர்ட்ஸ். 1848 புரட்சிக்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர். 1860 தேர்தலில் ஜெர்மானியர்களின் வாக்கை லிங்கன் பக்கம் திருப்பப் பாடுபட்டவர். நியூயார்க்கில் குடியேறிய ஜெர்மானியர்களில் சொந்த நாட்டில் குதிரைப்படையில் பணியாற்றியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆகவே பயிற்சிக் காலம் மிச்சம் என்பதுதான் அவருடைய வாதம். ஸ்காட்டின் ஆட்சேபத்துக்கு நேர் பதிலாக அமைந்த வாதம் அது. ஸ்காட் அப்போதும் இசையவில்லை, லிங்கன் இசைந்தார். போர்த்துறைச் செயலர் சைமன் கேமரன் 1861 மே 1 தேதியிட்டு, மாநில ஆளுநர்களுக்கும் மற்றவர்களுக்கும் காட்டத்தக்க ஒரு கடிதம் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தை நிதானமாகப் படித்தால் மொத்தப் பிரச்சினையும் அதிலேயே தெரியும். தன்னார்வக் குதிரைப்படை ரெஜிமென்ட் ஒன்றைத் திரட்ட ஷுர்ட்ஸுக்கு அதிகாரம் தரப்படுகிறது. இதே பிரிவில் முன்பு பணியாற்றியவர்களையே முக்கியமாகச் சேர்க்க வேண்டும். ஆயுதத்தை அரசு கொடுக்கும். குதிரையையும் சேணச் சாமான்களையும் கொடுக்க இயலாது. அவற்றுக்கு மாநிலங்களின், குடிமக்களின் தேசப்பற்றை நம்பியிருக்கிறோம், உதவுங்கள். அவ்வளவுதான் கடிதத்தின் சாரம். ஆள் திரட்டலாம், வாளும் துப்பாக்கியும் வரும், குதிரைக்கு ஊரில் கை நீட்டிக்கொள்ளுங்கள்.

ஷுர்ட்ஸ் ஸ்பெயினுக்குத் தூதராகப் போக வேண்டியிருந்ததால், மெக்சிகோ போரில் குதிரை வீரர்களுக்குத் தலைமை தாங்கிய ஆண்ட்ரூ மெக்ரேனால்ட்ஸ் கர்னல் ஆனார். 1ஆம் நியூயார்க், அதாவது லிங்கன் குதிரைப்படை என்று அழைக்கப்பட்ட ரெஜிமென்ட் இது. அதில் ஒரு கம்பெனி மிச்சிகனிலிருந்து வந்தது. இன்னொன்று, கேப்டன் வில்லியம் பாய்டு திரட்டியது, பிலடெல்பியாவிலிருந்து வந்தது. தங்கள் சொந்த மாநிலக் கணக்கில் சேராமல், செயலரின் கடிதம் கையில் வைத்திருந்த கர்னலின் கீழ் போய்ச் சேர்ந்தார்கள். பாய்டின் கம்பெனி ஜூலையில் பணியேற்று, ஆகஸ்ட் 18 அன்று வர்ஜீனியாவின் போஹிக் சர்ச் அருகே எதிரியோடு மோதியும்விட்டது. ரெஜிமென்ட்டின் மற்ற கம்பெனிகள் சில அப்போதுதான் நிரம்பிக்கொண்டிருந்தன. முழு ரெஜிமென்ட்டும் சேரட்டும் என்று காத்திருக்காமல் கம்பெனி கம்பெனியாகப் பணியேற்க வைத்தது புத்திசாலித்தனம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஜூலை 21 அன்று வர்ஜீனியாவின் புல் ரன்னில் வடக்குப் படை தோற்று ஓடிய பிறகு நிலைமை தலைகீழானது. அடுத்த நாளே காங்கிரஸ் ஐந்து லட்சம் தன்னார்வலர்கள் வரை ஏற்கச் சட்டம் நிறைவேற்றியது. குதிரைப்படை கேட்டவர்களுக்குப் போர்த்துறை தாராளமாகக் கடிதம் கொடுக்க ஆரம்பித்தது. பரிந்து பேச ஓர் அரசியல்வாதி இருந்தால் வேலை வேகமாக நடந்தது. நியூயார்க் செனட்டர் ஐரா ஹாரிஸின் பெயரையே வைத்துக்கொண்டது "ஹாரிஸ் லைட்" குதிரைப்படை. இலினாயில் முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் ஜான் ஃபார்ன்ஸ்வொர்த் ஆகஸ்டில் தானே நேரடியாக அனுமதி வாங்கி, செயின்ட் சார்லஸ் ஊரில் முகாம் போட்டு, செப்டம்பர் 18இல் 8ஆம் இலினாய் குதிரைப்படையைப் பணியேற்க வைத்தார். 1863 ஜூலை 1 காலை கெட்டிஸ்பர்க்கில் முதல் குண்டைச் சுட்டது இந்த ரெஜிமென்ட்டின் மார்செல்லஸ் ஜோன்ஸ் என்றே பொதுவாக ஏற்கப்படுகிறது.

இப்படி நேரடியாக வாஷிங்டனில் கடிதம் வாங்குவதில் ஒரு பெரிய ஆபத்து இருந்தது: ஆளுநரின் பகை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை ஆள் என்று ஒதுக்கீடு. அதை நிரப்ப ஆளுநர் ஒரு பக்கம் ஆள் சேர்க்கிறார். கேமரனின் கடிதத்தோடு வந்தவர் அதே ஊரில் இன்னொரு பக்கம் மேசை போட்டு, குதிரை என்று ஆசை காட்டி அதே இளைஞர்களை இழுக்கிறார். அந்த ஆட்கள் மாநிலக் கணக்கில் வருவார்களா என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஜூலை 22 சட்டப்படி ரெஜிமென்ட் அதிகாரிகளுக்கு நியமனப் பத்திரம் தருவதோ ஆளுநர். கேமரனின் கடிதம் ஒருவரைக் கர்னல் என்று விளித்ததால் மட்டும் அவர் கர்னல் ஆகிவிடமாட்டார். ஆளுநர்களின் புகார் பெருகி, 1861 செப்டம்பர் நடுவில் போர்த்துறை ஒரு பொது உத்தரவு போட்டது: நேரடி அனுமதி பெற்று ஆள் திரட்டும் அனைவரும் அவரவர் மாநில ஆளுநரின் கட்டளைக்கு உட்பட்டவர்கள். அதுவரை ஆளுநரை மதிக்காமல் ஒதுக்கியவர்கள் அவர் வாசலிலேயே போய் நிற்க வேண்டியதாயிற்று. ஹாரிஸ் லைட்டில் சேர்ந்தவர்கள் பலர் தாங்கள் நிரந்தர ராணுவத்தின் 7ஆம் குதிரைப்படை ஆகப்போகிறோம் என்று நம்பியிருந்தார்கள். கடைசியில் 2ஆம் நியூயார்க் ஆனார்கள். ஆகவே அன்று விண்ணப்பிக்கும் ஒருவருக்குச் சரியான வரிசை இதுதான்: முதலில் ஆளுநரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கு, பிறகு வாஷிங்டனுக்குப் போ.

செலவுத் தொகையைத் திரும்பப் பெறுவதற்கும் அந்த வரிசைதான் வழி. ஆட்களைச் சேர்க்கவும், சோறு போடவும், உடுத்தவும், ஏற்றிச் செல்லவும் ஆன செலவைத் திருப்பிக் கொடுக்க ஜூலை 27இல் ஒரு சட்டம் வந்தது. பணம் போனது மாநிலங்களுக்கு. மாநிலத்தின் கணக்கில் ஏறாத செலவைத் தன் பையிலிருந்து செய்தவர் ரசீதை வைத்துக்கொண்டு அலையவேண்டியதுதான்.

அடுத்தது பணியேற்பு. எத்தனை ஆள் வேண்டும் என்பதை மே மாதத்து உத்தரவு துல்லியமாகச் சொன்னது. ரெஜிமென்ட்டுக்கு நான்கு முதல் ஆறு ஸ்குவாட்ரன். ஸ்குவாட்ரனுக்கு இரண்டு கம்பெனி. கம்பெனியில் குறைந்தது 79 பேர், அதிகபட்சம் 95. அந்த 95இல் ஒரு கேப்டன், இரண்டு லெப்டினன்ட், முதல் சார்ஜென்ட், குவார்ட்டர்மாஸ்டர் சார்ஜென்ட், நான்கு சார்ஜென்ட், எட்டு கார்ப்பொரல், இரண்டு எக்காளக்காரர், இரண்டு லாடக்காரர், சேணம் தைப்பவர் ஒருவர், வண்டிக்காரர் ஒருவர். மீதி 72 பேர் சிப்பாய்கள். ஆள் திரட்டுபவர்கள் சிப்பாய்களை எளிதாகப் பிடித்தார்கள். லாடக்காரரும் சேணக்காரரும் ஊரில் நல்ல வருமானத்தோடு இருந்ததால், சிப்பாய்க்குச் சற்றே மேலான சம்பளத்துக்கு வர மனமில்லை. 95 குதிரைக்கு 380 லாடம். மாதத்துக்கு ஒரு தடவையாவது கழற்றிக் குளம்பைச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். அதற்கு இரண்டே ஆள். ஒருவர் பெயருக்கு லாடக்காரராக இருந்தால் கம்பெனியில் பாதிக் குதிரை நொண்டும். கம்பெனி உருவாகும்போது முதலில் உறுதி செய்ய வேண்டிய மூன்று ஆட்கள் இவர்களே. கேப்டன் பதவிக்கு ஆள் தானாக வரும்.

பணியேற்பு நாளில் நிரந்தர ராணுவ அதிகாரி ஒருவர் வந்து, மருத்துவர் பார்த்துத் தேறிய ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, உறுதிமொழி எடுக்க வைத்துப் பட்டியலில் ஏற்றுவார். அந்தப் பட்டியல் பெரிய தாள். பெயர், வயது, சேர்ந்த இடம், தேதி, காலம் என்று கட்டங்கள் ஓடும். குதிரைப்படைக்கு முக்கியமான இரண்டு கட்டங்கள் அதில் உண்டு: குதிரையின் மதிப்பு எத்தனை டாலர், சேணச் சாமான்களின் மதிப்பு எத்தனை டாலர். சொந்தக் குதிரையோடு வந்தவனுக்கு அந்த எண்தான் காப்புறுதிப் பத்திரம் மாதிரி. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பின்னால் குதிரை குண்டடிபட்டுச் செத்தாலும் கோர வழியில்லை.

சம்பளம் ஓடத் தொடங்குவதும் பணியேற்ற நாளிலிருந்துதான். அதிகாரிக்கும் இதே விதி. அரை கம்பெனி சேர்ந்தால் லெப்டினன்ட், முழுக் கம்பெனி சேர்ந்தால் கேப்டன், ரெஜிமென்ட் நிரம்பினால்தான் கர்னல். மாதக்கணக்கில் ஊர் ஊராகப் பேசி ஆள் சேர்த்தவர், 60 பேரோடு நின்றுபோனால் அவர் கைக்கு எதுவும் வராது. இதற்கிடையில் வேறொரு கம்பெனிக்காரர் வந்து அந்த 60 பேரையும் அழைத்துக்கொண்டு போய்விடுவார். பணியேற்காதவனை யாரும் தடுக்க முடியாது. மேலே பாய்டின் கம்பெனியைப் புத்திசாலித்தனம் என்று சொன்னதற்குக் காரணம் இதுவே: சேர்ந்த கம்பெனியை உடனே பட்டியலில் ஏற்றிவிட்டால் சோறும் சம்பளமும் அரசின் தலையில்.

இப்போது குதிரை. ஜூலை 22 சட்டம் ஒரு ஏற்பாடு செய்தது. சொந்தக் குதிரையும் சேணமும் கொண்டுவரும் வீரனுக்கு, அவற்றின் உபயோகத்துக்கும் ஆபத்துக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 40 செண்ட். சண்டையில் செத்தால் மட்டும் பட்டியலில் குறித்த மதிப்பு கிடைக்கும். மாதம் 12 டாலர் என்பது ஏறக்குறைய சிப்பாயின் சம்பளத்துக்குச் சமம். சம்பளம் அந்த ஆகஸ்டிலிருந்து 13 டாலர். போரின் தொடக்கத்தில் தகுதியான குதிரை 110, 120 டாலருக்குக் கிடைத்தது. ஆக 300 நாள் உயிரோடு இருந்தால் குதிரை தன் விலையைச் சம்பாதித்துவிடும். மூன்று வருடம் தாங்கினால் 438 டாலர். பண்ணை வீட்டுப் பையனுக்கு இது ஆசை காட்டும் கணக்கு. 1ஆம் அயோவா குதிரைப்படை இப்படிச் சொந்தக் குதிரைகளோடு கிளம்பிய ரெஜிமென்ட்.

கணக்கில் ஓட்டை எங்கே என்றால், குதிரைகள் சண்டையில் சாவது குறைவு. நொண்டி, முதுகுப் புண், குளம்பழுகல், சளி மூக்கு நோய், பட்டினி இவற்றில் சாவதே மிக அதிகம். அந்தச் சாவுக்கு ஒரு செண்ட்கூட இழப்பீடு இல்லை, அன்றோடு 40 செண்டும் நின்றுவிடும், வீரன் நடக்க வேண்டும். அதனால் தன் பணத்தில் வாங்கிய குதிரையை வீரன் காப்பாற்றப் பார்ப்பான். நல்ல பராமரிப்பு ஒரு லாபம். ஆனால் தூரமான ரோந்துக்கும் ஓடும் துரத்தலுக்கும் தயங்குவான். அது தளபதிக்கு நஷ்டம். ஊரார் நன்கொடை திரட்டிக் குதிரை வாங்கிய இடங்களில் வேறு தலைவலி: முதல் குதிரை செத்ததும் இரண்டாவதுக்கு யாரும் கொடுப்பதில்லை. போர்க்காலத்தில் குதிரை ஒருதடவை வாங்கும் சாமான் இல்லை, மாதாமாதம் தேயும் செலவு. இதை ஆரம்பத்திலேயே ஒத்துக்கொண்ட விண்ணப்பம் ஒன்றிரண்டு இருந்திருந்தாலே நிறைய உயிர்கள், மனிதனும் விலங்கும், மிஞ்சியிருக்கும்.

அரசே குதிரை கொடுக்க முன்வந்த பிறகும் தரம் உயரவில்லை. கேட்ட தகுதி தெளிவானது: தோள் உயரம் 15 முதல் 16 கை, அதாவது 60 முதல் 64 அங்குலம், மிக இளசும் இல்லாத, முதிர்ந்ததும் இல்லாத வயது, காயடித்த ஆண், கருமை சார்ந்த நிறம், சவாரிக்குப் பழகியது. ஒப்பந்தக்காரர்கள் கொண்டுவந்ததில் வண்டிக் குதிரையும், பல்லை அராவி வயதைக் குறைத்துக் காட்டிய கிழமும், ஒரு முகாமில் கழித்ததை இன்னொரு முகாமில் தள்ளியதும் கலந்திருந்தன. பல் பார்த்து வயது சொல்லத் தெரிந்த சார்ஜென்ட் ஒருவரை ஆய்வாளர் பக்கத்தில் நிறுத்திய ரெஜிமென்ட் தப்பித்தது.

தீனி தனிக் கதை. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 14 பவுண்டு உலர்புல், 12 பவுண்டு தானியம் என்பது விதி. சேர்த்து 26 பவுண்டு, ஏறக்குறைய 11.8 கிலோ. 1,200 குதிரை கொண்ட ரெஜிமென்ட்டுக்கு ஒரு நாளைக்கு 14 டன்னுக்கு மேல். ரயில் நிலையத்திலிருந்து இரண்டு நாள் தள்ளிப் போனால் உலர்புல் வராது, தானியம் மட்டும் வரும், வயிறு கெடும். குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல் மாண்ட்கோமரி மெய்க்ஸ் புதிய குதிரைப்படைகளைக் கண்டு பயந்ததில் வியப்பே இல்லை.

புதியவர்கள் குதிரையைக் கெடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். அன்றைய ராணுவச் சேணமான மெக்லெல்லன் சேணத்தின் நடுவில் நீளமாக ஓர் இடைவெளி உண்டு. முதுகெலும்பில் பாரம் விழாமல் இருக்கத்தான் அது. அதன் கீழே கம்பளியை ஆறு மடிப்பாக, சுருக்கமில்லாமல், ரோமம் படிந்த திசையில் முன்னிருந்து பின்னுக்கு இழுத்துவிட்டுப் போட வேண்டும். இருட்டில் எக்காளம் ஊதியதும் அவசரமாகப் போட்ட கம்பளியில் விரல் கனத்துக்கு ஒரு சுருக்கம் இருந்தால் போதும். ஆள், ஆயுதம், தீனிப் பை எல்லாம் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் அதன்மேல் அமர்கிறது. சாயங்காலம் சேணத்தைக் கழற்றினால் தோல் வீங்கியிருக்கும். மறுநாளும் ஏறினால் புண். அந்தக் குதிரை பல வாரங்களுக்கு ஆகாது. இந்த ஒன்றைக் கற்றுக்கொடுக்க அனுபவசாலிகள் வேண்டும். நிரந்தர ராணுவ அதிகாரிகளைத் தன்னார்வப் படைகளுக்கு விட்டுக்கொடுக்கவோ ஸ்காட்டுக்கும் போர்த்துறைக்கும் மனமில்லை.

விளைவு எண்ணில் தெரிந்தது. போரின் முதல் இரண்டு ஆண்டுகளில் குதிரைப்படைக்கு 2,84,000 குதிரைகள் கொடுக்கப்பட்டன. களத்தில் ஒரே சமயத்தில் இருந்த குதிரை வீரர்கள் 60,000க்கு மேல் போகவில்லை. 1863 ஜூலை இறுதியில் தனிக் குதிரைப்படைப் பணியகம் அமைத்து, வாஷிங்டன் அருகே கீஸ்பரோவில் பெரிய குதிரைக் கிடங்கு நிறுவிய பிறகுதான் வாங்குவதும் ஆறவைப்பதும் ஒழுங்குக்கு வந்தன.

ஆயுதம் தருவோம் என்று கடிதம் சொன்னாலும் எந்த ஆயுதம் என்று சொல்லவில்லை. வாளும் ரிவால்வரும் ஓரளவு வந்தன, குதிரை வீரருக்கான குட்டைத் துப்பாக்கியான கார்பைன் பஞ்சம். பல ரெஜிமென்ட்டுகளில் ஒரு கம்பெனிக்குப் பத்துப் பன்னிரண்டு கார்பைன்தான் ஆரம்பத்தில். 6ஆம் பென்சில்வேனியா, ரிச்சர்ட் ரஷ்ஷின் படை, வடக்குத் தளபதி ஜார்ஜ் மெக்லெல்லனின் யோசனைப்படி 9 அடி ஈட்டியும் சிவப்புக் கொடியுமாகப் புறப்பட்டது. வர்ஜீனியாவின் அடர்ந்த காட்டில் அந்த ஈட்டி கிளைகளில் மாட்டியது. 1863 மே மாதம் அதைக் கீழே வைத்துவிட்டுக் கார்பைன் எடுத்தார்கள்.

ஜூலை 22 சட்டத்தில் இன்னொரு பிரிவு இருந்தது. கர்னல் ஆக ஆசைப்பட்டவர்கள் படிக்கத் தவறியது. தனிப் படைக்குத் தலைமை தாங்கும் ஜெனரல், மூன்று முதல் ஐந்து அதிகாரிகள் கொண்ட குழுவை அமைத்து எந்தத் தன்னார்வ அதிகாரியின் தகுதியையும் சோதிக்கலாம். தேறாவிட்டால் பதவி போகும். பணமும் பெயரும் கொடுத்துப் படை திரட்டியவரைக்கூட வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் அது. கடுமையானது, ஆனால் தேவையானது.

1861 இறுதிக்குள் அரசு தாங்க முடியாத அளவுக்குக் குதிரைப்படைகள் சேர்ந்துவிட்டன. குதிரையே காணாமல் முகாமில் குளிர்காலம் கழித்த ரெஜிமென்ட்டுகளைக் கலைக்க ஆரம்பித்தார்கள். "கருங்குதிரை" என்று பெருமையாகப் பெயர் சூட்டிக்கொண்ட 7ஆம் நியூயார்க் குதிரைப்படை, 1862 மார்ச் 31 அன்று கலைக்கப்பட்டது. மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 3இல், புதிய போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டாண்டன் தன்னார்வ ஆள்சேர்ப்பையே நிறுத்தினார். சில மாதங்களில் மறுபடி திறக்க வேண்டி வந்தது வேறு விஷயம்.

தெற்கே சொந்தக் குதிரைதான் விதி. அங்கேயும் அதே 40 செண்ட், சண்டையில் செத்தால் மட்டும் இழப்பீடு. குதிரை போனவன் வேறொன்று தேடி வீட்டுக்கு விடுப்பில் போவான், வாரக்கணக்கில் படை மெலிந்து கிடக்கும். ஆரம்பத்தில் நல்ல சவாரிக்காரர்களைக் கொடுத்த அதே முறை, 1864 வாக்கில் அவர்களைக் காலாட்களாக்கியது.

பாடம் படித்தவர்கள் 1898இல் தெரிந்தார்கள். ஸ்பெயினோடு போர் வந்தபோது, சிறப்புத் தகுதியுள்ள 3,000 பேர் வரை நாடு முழுவதிலிருந்தும் எடுக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள். ஆகவே ஆளுநர் சண்டை பெரும்பாலும் இல்லை. தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குக் கர்னல் பதவி வந்தும், நிரந்தர ராணுவ மருத்துவர் லியோனார்ட் வுட்டை முன்னே நிறுத்தித் தான் இரண்டாமிடம் ஏற்றார். எந்தத் துறையில் எந்தக் கோரிக்கையை எப்போது கொடுக்க வேண்டும் என்பது வுட்டுக்கு அத்துப்படி. மற்றத் தன்னார்வப் படைகள் பழைய துப்பாக்கியோடு நின்றபோது இவர்கள் கையில் புதிய கிராக் கார்பைன் இருந்தது. அப்படியும் கப்பலில் இடமில்லாமல் தாம்பாவில் குதிரைகளை விட்டுவிட்டு, கியூபாவில் இறங்கி நடந்தே சண்டை போட்டார்கள்.

அதே ரூஸ்வெல்ட், முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917இல், படை திரட்ட மறுபடி அனுமதி கேட்டார். தன்னார்வப் பிரிவுகளை ஏற்க ஜனாதிபதிக்கு அதிகாரம் தரும் வாசகத்தைக் காங்கிரஸும் சட்டத்தில் சேர்த்தது. வில்சன் அதைப் பயன்படுத்த மறுத்தார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, ரூஸ்வெல்ட் நிரந்தர ராணுவத்தின் நல்ல அதிகாரிகளைத் தன் படைக்குக் கேட்கிறார், அவர்கள் லட்சக்கணக்கான புதிய சிப்பாய்களைப் பழக்கத் தேவைப்படுகிறார்கள் என்பது. 1861இல் ஸ்காட் விட்டுக்கொடுக்க மறுத்ததும் அதே அதிகாரிகளைத்தான்.